பதின்மூவர் தீர்ப்பு

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பருவத்தின் சாம்பியன் பட்டத்துக்காகப் போட்டியிடப் போகும் நான்கு அணிகளின் பெயர்கள் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டபோது, அந்தப் பருவத்தில் தான் ஆடிய 13 ஆட்டங்களையும் வென்று, தன் கான்ஃபரன்ஸின் பட்டத்தையும் முந்தின இரவில் கைக்கொண்டிருந்த ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பெயர் அந்த நான்கில் இல்லை. நான்காம் இடம், செப்டம்பர் மாதத்தில் தன் சொந்த மைதானத்திலேயே டெக்ஸாஸ் அணியிடம் 34-24 என்ற கணக்கில் தோற்றிருந்த அலபாமாவுக்கு அளிக்கப்பட்டது. ஃப்ளோரிடா ஸ்டேட் எந்த ஆட்டத்தில் தோற்றது என்று கேட்டால் ஒன்றிலும் இல்லை. அதன் முதன்மைக் குவார்ட்டர்பேக்கான ஜோர்டன் டிராவிஸ் என்ற இளைஞர் நவம்பர் 18-ஆம் தேதி கால் முறிந்து வீழ்ந்துவிட்டார், அவரில்லாத அணி பழைய அணி அன்று, ஆகவே அது நாட்டின் மிகச் சிறந்த நான்கு அணிகளில் ஒன்றாகாது என்று 13 பேர் கொண்ட தேர்வுக் குழு கருதியது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அன்று எழுந்த கொந்தளிப்பு பெரிது. ஆயினும் அது அடங்கிய பிறகு, விளையாட்டு விமரிசகர்களிடையிலும் வர்ணனையாளரிடையிலும் நடுநிலை ரசிகர் பலரிடையிலும் வேரூன்றி நிற்கும் அபிப்பிராயம், குழுவின் செயல் கொடுமையானதாயினும் சரியானதே என்பதாகும். அவர்களுடைய வாதத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துரைப்பதே நேர்மை. நூற்றுக்கு மேற்பட்ட அணிகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு வழியில்லாத ஒரு விளையாட்டில், வெற்றி தோல்விகளின் எண்ணிக்கை மட்டும் உண்மையைக் காட்டாது. பலவீனரை வென்ற 13 வெற்றிகளைவிடப் பலசாலிகளோடு மோதி ஒன்றில் தோற்ற 12 வெற்றிகள் மேலானவையாக இருக்கலாம். இதைப் பகுத்தறியக் கணிதச் சூத்திரம் போதாது, ஆட்டத்தை அறிந்த அனுபவசாலிகளின் கண் வேண்டும். சூத்திரங்களை நம்பியிருந்த காலத்தில் நேர்ந்த அலங்கோலங்களை நாடு மறக்கவில்லை. குழுவின் விவேகம் சரியானதென்பதைப் பின்னால் நடந்த ஆட்டங்களே நிரூபித்தன. எஞ்சிய குறைகளையும் போட்டியை 12 அணிகளுக்கு விரித்ததன் மூலம் தீர்த்தாகிவிட்டது. இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதனாலேயே அந்த அபிப்பிராயம் இவ்வளவு செல்வாக்குப் பெற்றிருக்கிறது. இருந்தும் அது அடிப்படையிலேயே தவறானது என்பது என் துணிபு.

இந்த ஆட்டத்தோடு பரிச்சயமில்லாத வாசகருக்கு இரண்டொரு செய்தி சொல்லியாக வேண்டும். அமெரிக்கர் கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் முரட்டு ஆட்டம் அது. பந்தை யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று கணப்பொழுதில் தீர்மானிப்பவரே குவார்ட்டர்பேக். உடம்பை உருக்கும் ஆட்டமாகையால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட இயலாது. ஆகவே ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் வழக்கமாக அமைவன 12 ஆட்டங்களே. மேல்நிலைப் பிரிவிலோ 130-க்கும் அதிகமான அணிகள் உள்ளன. பல்கலைக்கழகங்கள் தம்முள் சேர்ந்து கான்ஃபரன்ஸ் என்னும் கூட்டணிகளை அமைத்துக்கொண்டு, பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே ஆடுகின்றன. கல்லூரி விளையாட்டுகளையெல்லாம் நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு, கீழ்ப்பிரிவுகளில் சாம்பியன் போட்டிகளை நடத்தினாலும், இந்த மேல்நிலைப் பிரிவில் மட்டும் இன்றுவரை எந்த அணிக்கும் தன் பெயரால் பட்டம் அளித்ததில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பிறருடைய அபிப்பிராயம் குடியேறிற்று.

முதலில் குடியேறியது பத்திரிகையாளரின் அபிப்பிராயம். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நிருபர்களின் வாக்கெடுப்பை நடத்திவந்தது. 1950-இல் பயிற்றுநர்களின் வாக்கெடுப்பும் அதனோடு சேர்ந்தது. 1966-இல் நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் நவம்பர் 19-ஆம் தேதி 10-10 என்று சமமாக முடித்துக்கொள்ள, அவ்விரண்டுமே முதலிரு இடங்களைப் பெற்றன. ஆடிய அத்தனை ஆட்டங்களையும் வென்ற அலபாமா மூன்றாவதாக நிறுத்தப்பட்டது. 1973-இல் பயிற்றுநர்கள், பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களுக்கு முன்பே வாக்களித்து அதே அலபாமாவைச் சாம்பியனாக அறிவித்துவிட, அந்தச் சாம்பியன் டிசம்பர் 31-ஆம் தேதி சுகர் பௌலில் நோட்டர் டேமிடம் 24-23 என்று தோற்றது. மறு ஆண்டிலிருந்து அவர்கள் பௌல் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருக்கத் தொடங்கினர். இந்தப் பழங்கதைகளை நான் நினைவூட்டுவது ஒரு பிரயோஜனம் கருதியே: அனுபவசாலிகளின் கண் என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் அன்று; அறுபது ஆண்டுக்காலம் சோதித்துப் பார்த்து, பொறுக்க மாட்டாமல் கைவிடப்பட்ட அதே மருந்துதான் வேறொரு குப்பியில் அடைக்கப்பட்டு வந்திருக்கிறது.

இனி, சூத்திரத்தின் காலத்தை நோக்குவோம். எதிர்வாதிகளின் கோட்டை அங்கேதான் இருக்கிறது. 1997-இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு, 1998 முதல் 2013 வரையில், பௌல் சாம்பியன்ஷிப் சீரீஸ் என்னும் ஏற்பாடு மனித வாக்குகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து இரண்டே அணிகளை இறுதியாட்டத்துக்கு அனுப்பியது. அதில் நேர்ந்த பிழைகளை நான் மறைக்க முற்படவில்லை. 2000-இல் மயாமியிடம் 27-24 என்று தோற்ற ஃப்ளோரிடா ஸ்டேட், தன்னை வென்ற மயாமியைத் தாண்டி இறுதியாட்டம் புகுந்தது. 2001-இல் கொலராடோவிடம் 62-36 என்று உதைபட்டு, கான்ஃபரன்ஸுக்குள் தன் பிரிவையே வெல்லாத நெப்ராஸ்கா அதே இடத்தை அடைந்தது. 2003-இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடம் பெற்றிருந்த தெற்கு கலிஃபோர்னியா வெளியே நிற்க, கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் கான்சஸ் ஸ்டேட்டிடம் 35-7 என்று தோற்ற ஓக்லஹோமா உள்ளே போயிற்று. 2004-இல் தோல்வியே காணாத ஆபர்ன் அணிக்கு இடமே இல்லை.

இவையெல்லாம் இயந்திரத்தின் குற்றங்கள் என்று பொதுமக்கள் நம்பினர், இன்றும் நம்புகின்றனர். சற்றே நின்று விசாரித்தால் வேறொன்று புலப்படும். 2004-இல் ஆபர்னை ஒதுக்கியவை கணினிகள் மட்டுமல்ல. நிருபர்களும் பயிற்றுநர்களுமே தெற்கு கலிஃபோர்னியாவையும் ஓக்லஹோமாவையும் முதலிரு இடங்களில் வைத்து ஆபர்னை மூன்றாவதாக நிறுத்தினார்கள். இரண்டே நாற்காலிகள் போட்டுவிட்டு மூன்று பேரை அழைத்தால், அழைப்பவர் மனிதராயினும் எந்திரமாயினும் ஒருவர் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். நாற்காலிகளின் தொகை போதாமையால் விளைந்த தீங்கைக் கணக்கின் தலையில் சுமத்தினார்கள். அந்தக் கணக்கையாவது நிலையாக இருக்க விட்டார்களா? ஓர் ஆண்டில் ஏதேனும் ஓர் அணிக்கு மனக்குறை நேர்ந்ததும் மறு ஆண்டில் சூத்திரத்தை மாற்றினார்கள். ஒரு சமயம் வெற்றியின் அளவைக் கணக்கில் சேர்த்தார்கள். பின்பு, பெரிய அணிகள் சிறிய அணிகளை வேண்டுமென்றே நசுக்குகின்றன என்று அதை அறவே நீக்கினார்கள். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது, பயன்படுத்திய 6 கணினிக் கணக்குகளில் 5 இரகசியமாக வைக்கப்பட்டிருந்தன என்பது. தன் முறையை முழுமையாக வெளியிட்டிருந்தவர் வெஸ் காலி என்ற வானியற்பியல் அறிஞர் ஒருவரே.

அந்த ஒருவருடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். என் வாதம் முழுவதும் அதனுள் அடங்கியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் இறுதித் தரவரிசை வெளியானபோது, ஜெர்ரி பாம் என்ற தரவரிசை ஆய்வாளர் காலியின் பகிரங்கமான சூத்திரத்தைத் தாமே மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட், வெஸ்டர்ன் இல்லினாய் அணிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவு அதில் சேர்க்கப்படாமல் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். தவறு திருத்தப்பட்டது; 10-ஆம் இடத்திலிருந்த எல்.எஸ்.யு. 11-ஆம் இடத்துக்கும், 11-இல் இருந்த பாய்சி ஸ்டேட் 10-க்கும் மாறின. நாடெங்கும் இதைக் கேட்டவர்கள், பார், கணினி பிழை செய்கிறது என்று சொல்லி அந்த ஏற்பாட்டையே இகழ்ந்தார்கள். நான் அதில் காண்பது இதற்கு நேர்மாறான படிப்பினை. பிழை இருந்தது என்பது எப்படித் தெரிந்தது? முறை திறந்திருந்தமையால், வெளியிலிருந்த ஒரு தனி மனிதர் பென்சிலும் பொறுமையும் கொண்டு அதைச் சரிபார்க்க முடிந்தது. மற்ற ஐந்து கணக்குகளிலும் இத்தகைய பிழை இருந்ததா என்பதை அன்று வெளியார் எவராலும் சோதிக்க இயலவில்லை. அவ்வாறிருக்க, 13 பேர் பூட்டிய அறையில் அமர்ந்து, தம் வாக்குகளை வெளியிடாமல், தலைவர் ஒருவரின் வாயிலாகச் சில நிமிட விளக்கத்தை மட்டும் உலகுக்குத் தந்து எழும்போது, அவர்களுடைய கணக்கில் விடுபட்டுப்போன ஆட்டத்தை எந்த ஜெர்ரி பாம் கண்டுபிடிப்பார்?

குழு உறுப்பினரின் நேர்மையை நான் ஐயுறவில்லை. சூத்திரத்துக்குப் பதிலாக அமைக்கப்பட்ட முதற்குழுவில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் இருந்தார். நெப்ராஸ்காவின் புகழ்பெற்ற பயிற்றுநர் டாம் ஆஸ்பர்ன் இருந்தார். தம் சொந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிய விவாதம் வரும்போது உறுப்பினர் எழுந்து வெளியேறும் வழக்கமும் உண்டு. ஆயினும் நேர்மையான மனிதரின் அபிப்பிராயமும் அபிப்பிராயமே. அவர்களிடம் ஒப்படைத்த பணி, நடந்ததை மதிப்பிடுவதன்று. நடக்கப் போவதை ஊகிப்பது. எந்த அணி அதிகம் சாதித்தது என்ற கேள்விக்கு விடை களத்தில் இருக்கிறது. எந்த அணி சிறந்தது என்ற கேள்விக்கு விடை இன்னும் ஆடப்படாத ஆட்டங்களில் இருக்கிறது. அதைச் சொல்லவல்ல மனிதரை நான் கண்டதில்லை.

குழுவின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 2014-ஆம் ஆண்டில், அவர்கள் முதன்முறையாக நான்கு அணிகளைத் தேர்ந்தபோது, ஒஹையோ ஸ்டேட் அணியின் முதல் குவார்ட்டர்பேக் பருவம் தொடங்குமுன்பே காயமுற்றிருந்தார். இரண்டாமவர் நவம்பர் இறுதியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் வீழ்ந்தார். கார்டேல் ஜோன்ஸ் என்ற மூன்றாமவர் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் விஸ்கான்ஸினை 59-0 என்று வென்று கொடுக்கவே, குழு ஒஹையோ ஸ்டேட்டை நான்காம் இடத்துக்கு உயர்த்திற்று. ஐயோவா ஸ்டேட்டை 55-3 என்று வென்றிருந்தும் டி.சி.யு. மூன்றிலிருந்து ஆறுக்குத் தள்ளப்பட்டது. ஒஹையோ ஸ்டேட், அலபாமாவை 42-35 என்றும் ஆரிகானை 42-20 என்றும் வீழ்த்திப் பட்டம் பெற்றது. மூன்றாம் குவார்ட்டர்பேக்கைக் கொண்டும் ஓர் அணி சாம்பியனாகலாம் என்பதை நாடே கண்கூடாகக் கண்டது. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் மூன்றாம் குவார்ட்டர்பேக்கைக் கொண்டுதான் லூயிவில்லை 16-6 என்று வென்றது; 59 புள்ளிகள் குவிக்காமல், தன் தடுப்பாட்டத்தின் வலிமையால் வென்றது. அதுதான் அதன் கேடாயிற்று.

முக்கிய ஆட்டக்காரர் இல்லாமற்போவதையும் குழு கருத்திற்கொள்ளலாம் என்று விதிமுறையில் எழுதியிருக்கிறதே, அது முன்பே அறிவித்த விதிதானே என்று கேட்பார் உளர். எழுதியிருப்பது உண்மை, ஆனால் ஒரே நிலைமையில் ஓர் ஆண்டில் அணியை உயர்த்தவும் வேறோர் ஆண்டில் அணியைத் தாழ்த்தவும் ஒருசேரப் பயன்படும் வாசகத்தை விதியென்று சொல்லலாகாது. மேலும், டிராவிஸின் கால் முறிந்தது நவம்பர் 18-இல். அதற்குப் பத்து நாள் கழித்து வெளியான தரவரிசையில் இதே குழு ஃப்ளோரிடா ஸ்டேட்டை நான்காம் இடத்திலும் அலபாமாவை எட்டாம் இடத்திலும் வைத்திருந்தது. அதன் பின்பு ஃப்ளோரிடா ஸ்டேட் செய்தது இன்னுமோர் ஆட்டத்தை வென்றது மட்டுமே. அலபாமா முதலிடத்திலிருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வென்றது. அது மகத்தான வெற்றி, மறுப்பதற்கில்லை. எனினும் அந்த அலபாமாவே அதற்கு ஒரு வாரம் முன்பு, தனக்கு முந்தைய ஆட்டத்தில் நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டிடம் 31-10 என்று மானம் இழந்திருந்த ஆபர்ன் அணியிடம் தோற்கும் தறுவாயில் நின்று, நான்காவதும் இறுதியானதுமான முயற்சியில் 31 கெஜம் கடக்க வேண்டிய நிலையில், அரை நிமிடமே எஞ்சியிருக்கையில் எறிந்த ஒரு பந்தினால் உயிர் பிழைத்தது. எந்த வாரத்து அலபாமா சிறந்த அணி? செப்டம்பரில் டெக்ஸாஸிடம் தோற்றதா, நவம்பரில் ஆபர்னில் தத்தளித்ததா, டிசம்பரில் ஜார்ஜியாவை வென்றதா? அனுபவசாலிகளின் கண் தான் காண விரும்பியதைக் கண்டது என்பதற்குமேல் என்ன சொல்வது?

பின்னால் நடந்தவை குழுவின் விவேகத்தை நிரூபித்தன என்னும் வாதத்துக்கு வருகிறேன். இதுவே மிகுதியாக எடுத்தாளப்படுவது. இதுவே மிகவும் சொத்தையானதும். ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியா ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று நொறுக்கியது; இவர்களா சாம்பியன் பட்டத்துக்கு உரியவர்கள் என்று கேட்கிறார்கள். அன்று களமிறங்கியது 13 ஆட்டங்களை வென்ற அணியா? பட்டத்துக்குரிய வழி அடைபட்டதும், தொழில்முறை ஆட்டத்துக்குத் தயாராகவோ வேறு கல்லூரிக்கு மாறவோ எண்ணி விலகியவரும் காயமுற்றவருமாக 20-க்கும் மேற்பட்டோர் அன்று ஆடவில்லை. தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்து, அந்தத் தீர்ப்பினாலேயே ஓர் அணியைக் குலைத்துவிட்டு, குலைந்தது பார் என்று அதையே தீர்ப்புக்குச் சான்றாகக் காட்டுவது எந்த நியாய சாஸ்திரத்தில் சேரும்? படுதோல்வி தகுதியின்மைக்குப் பிரமாணம் என்றால், 2022-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதியாட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று தோற்ற டி.சி.யு. அங்கே வந்திருக்கவே கூடாது. ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்புதான் அந்த அணி தோல்வியறியாத மிச்சிகனை 51-45 என்று வென்றிருந்தது. 2016-இல், தன்னை நேருக்கு நேர் 24-21 என்று வென்று கான்ஃபரன்ஸ் பட்டமும் பெற்ற பென் ஸ்டேட்டைத் தள்ளிவிட்டு ஒஹையோ ஸ்டேட் தேர்ந்தெடுக்கப்பட்டு, கிளெம்ஸனிடம் 31-0 என்று தோற்றதே, அப்போது குழு பிழைசெய்தது என்று இவர்கள் ஒப்புக்கொண்டார்களா? ஒரு கெட்ட நாள் என்று சொல்லிக் கடந்துபோனார்கள். சாதகமான முடிவு வந்தால் நிரூபணம், பாதகமான முடிவு வந்தால் தற்செயல் என்று கொள்வது பரீட்சை ஆகாது.

2017-இல் தன் பிரிவையே வெல்லாத அலபாமாவை நான்காவதாகச் சேர்த்தார்கள், அது பட்டத்தையே வென்று காட்டியது என்பது அவர்களுடைய மற்றொரு பேராயுதம். அதே பருவத்தில் மத்திய ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகம், யு.சி.எஃப். என்று சுருக்கமாக வழங்குவது, 12 ஆட்டங்களையும் வென்றும் குழுவின் தரவரிசையில் 12-ஆம் இடமே பெற்றது. இறுதியாட்டம் ஆடிய ஜார்ஜியாவையும் அலபாமாவையும் அந்தப் பருவத்தில் முறையே 40-17, 26-14 என்று வென்ற ஒரே அணி ஆபர்ன். அந்த ஆபர்னைப் புத்தாண்டு நாளில் பீச் பௌலில் யு.சி.எஃப். 34-27 என்று வென்றது. அதனால் யு.சி.எஃப். தான் உண்மையான சாம்பியன் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அது தெரியாது, யாருக்கும் தெரியாது. தேர்வு பெற்றவர் வென்றால் தேர்வு சரி என்கிறார்களே, தேர்வு பெறாதவர் வென்றிருக்கக்கூடிய ஆட்டம் நடக்கவேயில்லையே, அதை எந்தத் தராசில் நிறுப்பது? காலியின் பகிரங்கக் கணக்கு மட்டும் அந்த ஆண்டில் யு.சி.எஃப். அணியை முதலிடத்தில் வைத்தது என்பதைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

போட்டியை விரித்ததனால் வியாதி தீர்ந்தது என்பவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. 2024-இல் தொடங்கிய 12 அணிப் போட்டி நல்ல முன்னேற்றம் என்பதை மனமார வரவேற்கிறேன். ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கேனும் உரிமையாக இடம் கிடைக்கிறது. மீதி ஏழு இடங்கள் பழைய அறையிலேயே இருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி மயாமி நோட்டர் டேமை 27-24 என்று வென்றது. பருவ முடிவில் இரண்டும் 10 வெற்றி 2 தோல்வி என்று நின்றன. நவம்பர் முழுவதும் குழு வாரந்தோறும் நோட்டர் டேமையே மேலே வைத்துவந்தது. இறுதி வாரத்தில் இரு அணிகளும் ஆடவேயில்லை. ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை மயாமி மேலே சென்று உள்ளே புகுந்தது, நோட்டர் டேம் கீழே இறங்கி வெளியேறிற்று. நடுவில் நின்ற பி.ஒய்.யு. தோற்றமையால் இரண்டும் அடுத்தடுத்து வந்தன, அப்போதுதான் நேருக்கு நேர் ஆடிய முடிவு கருதப்பட்டது என்பது விளக்கம். மயாமி உள்ளே வந்தது நியாயமே என்று நான் நம்புகிறேன். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் நடந்துமுடிந்த ஒரு பிரத்தியட்ச உண்மை டிசம்பர் 7-ஆம் தேதி வரையில் செல்லாக்காசாக இருந்து, அன்று காலையில் திடீரென்று பொற்காசாக மாறுவது, சரியான முடிவைக்கூட அநீதிபோல் தோன்றச் செய்துவிடுகிறது. உள்ளே வரும் ஒவ்வோர் அணிக்கும் அதன் கான்ஃபரன்ஸுக்கு 4 மில்லியன் டாலர் கிடைக்கும் ஏற்பாட்டில், இந்த மங்கலான வெளிச்சம் எவருக்கும் நல்லதன்று.

அப்படியானால் என்ன செய்வது? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அதே என்.சி.ஏ.ஏ. அமைப்பின்கீழ் நடக்கும் ஆடவர் பனிக்கட்டி ஹாக்கிப் போட்டியைப் பார்த்தால் போதும். அங்கே கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் உரிமையோடு நுழைகிறார்கள். 16 இடங்களில் எஞ்சியவற்றை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கின் வரிசைப்படியே நிரப்புகிறார்கள். பல ஆண்டுகளாக ரசிகர்கள் ஒவ்வோர் இரவும் ஆட்டங்கள் முடிந்ததும் தம் வீட்டிலிருந்தபடியே கணக்கிட்டு, நம் அணி உள்ளே இருக்கிறதா, எந்த அணி தோற்றால் நமக்கு வழி திறக்கும் என்று அறிந்துகொள்கிறார்கள். அறிவிப்பு வெளியாகும் நாளில் அங்கே வியப்பு இல்லை. தொலைக்காட்சிக்கு அது குறையாக இருக்கலாம், ஆடியவர்களுக்குக் குறையன்று. கால்பந்திலும் ஒவ்வொரு கான்ஃபரன்ஸின் சாம்பியனும் உரிமையாகச் சேரட்டும்; மீதி இடங்களை, எதிரணிகளின் வலிமையையும் வெற்றி தோல்விகளையும் மட்டும் கருதுகிற, முதல் ஆட்டத்துக்கு முன்பே அச்சிட்டு வெளியிடப்பட்ட, யாரும் சரிபார்க்கக்கூடிய ஒரு கணக்கு நிரப்பட்டும். அந்தக் கணக்கு யாருடைய கால் முறிந்தது என்று பாராது. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. கால் முறிந்த அணி பலவீனப்பட்டதா என்பதைச் சொல்லத்தானே எதிரணி என்று ஒன்று இருக்கிறது?

தகுதி குறைந்த அணிகள் விதியின் சந்து வழியே புகுந்துவிடுமே என்பது கடைசி ஆட்சேபம். புகத்தான் செய்யும். 2025-இல் பல அணிகள் சமநிலையில் நின்ற ஒரு கான்ஃபரன்ஸில், சமன் நீக்கும் விதிகளின் பயனாக இறுதியாட்டம் புகுந்த டியூக் அணி, அதிலும் வென்று, 8 வெற்றி 5 தோல்வியோடு பட்டம் சூடியது. தொழில்முறைக் கால்பந்தில் 2010-ஆம் ஆண்டுப் பருவத்தில் 7 வெற்றியும் 9 தோல்வியும் கொண்ட சியாட்டில் அணி, தன் பிரிவின் முதலிடத்தால் உரிமை பெற்று உள்ளே வந்து, முந்தின ஆண்டின் சாம்பியனான நியூ ஆர்லீன்ஸை 41-36 என்று வென்றது. விதி சரியா என்று விவாதித்தவர்கள் இருந்தார்கள். சியாட்டிலுக்கு யாரோ தயவு செய்தார்கள் என்று சொன்னவர் எவருமில்லை. நம் வாசகர்கள் நன்கறிந்த ஓர் உதாரணமும் உண்டு. 2019-இல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டமும் அதன் சூப்பர் ஓவரும் சமமாக முடிந்து, பௌண்டரிகளின் எண்ணிக்கையால் இங்கிலாந்து கோப்பை பெற்றபோது, அந்த விதியின் மூடத்தனத்தைக் கண்டு நியூஸிலாந்துக்காக மனம் நோகாதவர் அரிது. ஆயினும் அது இரு அணிகளும் முன்பே அறிந்த விதி. மூடத்தனம் வெளிப்பட்ட சில மாதங்களுக்குள் அது மாற்றவும் பட்டது. எழுதிவைத்த விதி கெட்டதாயிருந்தால் அதைச் சுட்டிக்காட்டி அடித்துத் திருத்தலாம். அறைக்குள் பிறந்து அறைக்குள்ளேயே மறையும் அபிப்பிராயத்தில் எந்த வரியைச் சுட்டிக்காட்டுவது?

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையன்று ஜோர்டன் டிராவிஸ் எழுதிய சில வரிகளை ஃப்ளோரிடாவில் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தன் கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கலாகாதா, முறிந்திருந்தால் இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கைவிடப் பெரியது என்பதை எல்லோரும் கண்டிருப்பார்களே என்றும், முடிவுகளுக்கு மதிப்பு உண்டென்றே தான் எண்ணியிருந்ததாகவும் எழுதி, இறுதியில் அந்த இளைஞர் தன் தோழர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டார். மறு ஆண்டு ஒரு தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. கால் முழுமையாகக் குணமாகவில்லை. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அந்த அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அவர் அறிவித்தார்.